முகம் கூடும் நாட்கள்

அநியாயம் நடந்தது கோகிலாவுக்கு. மாசிப் பௌர்ணமியன்று சந்திர கிரகணம் பிடித்திருந்த நேரத்தில் அடுப்படியில் உட்கார்ந்து அரசாணிக்காய் நறுக்கினாள், அதனால்தான் வயிற்றுப் பிள்ளைக்கு மேலுதடு இடப்பக்கம் பிளந்துவிட்டது என்று தாராபுரத்து வீட்டில் அவளுடைய மாமியார் சொல்லிவிட்டார். ஐந்தாம் மாத ஸ்கேன் பார்த்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, வாசலில் வைத்துச் சொல்லிவிட்டார். இது முதல் அநியாயம். இரண்டாவதைச் செய்தவள் கோகிலாவின் தங்கை சிந்துஜா, அதுவும் அநியாயம்தான் என்பது அவளுக்கே இன்றைக்கு, சனிக்கிழமை மத்தியானம் இரண்டே முக்கால் மணிக்குத்தான் தெரிந்தது, செல்போனில் அக்காவிடமிருந்து வந்த வரியாக: "அப்ப அந்த ரெண்டு வாரத்துல நான் என்னடி பண்ணுனேன்?" அதற்குக் கீழே இன்னொன்று: "நாலு மணிக்குக் கூப்படறேன். அத்த பால் சொசைட்டிக்குப் போயிருவாங்க. அப்ப சொல்லு."

இப்போது மூன்று பத்து. கோயமுத்தூரில் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் பின்கட்டில் முட்டை ரூம் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சின்ன அறையில் அடைகாப்பான் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. இங்கே கோழிக்கருவில் ஆராய்ச்சி செய்கிற சிந்துஜா கையுறையோடு உட்கார்ந்து ஆறு நாள் கோழிக்கருக்களை நீலச் சாயத்திலிருந்து எடுத்து அலசிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், நான்கு தண்ணீர், அதற்குள் எழுந்து போகக் கூடாது, போனால் சாயம் திட்டுத்திட்டாக நின்றுவிடும். எழுந்து போகாமலிருக்க ஒரு காரணம் இருப்பது நல்லதாகத்தான் இருந்தது. கையுறை போட்ட கையால் பதில் எழுத முடியாதே. நீல டிக் விழுந்துவிட்டது, அக்கா பார்த்திருப்பாள், தங்கச்சி படித்துவிட்டாள், படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். சும்மா இருக்கிறவளா இவள்? பள்ளிக்கூடத்துப் பட்டிமன்றத்தில் நடுவரோடே சண்டைக்குப் போனவள். பஸ்ஸில் மீதிச் சில்லறைக்கு நியாயம் கேட்டு மூன்று ஸ்டாப் தாண்டி இறங்கியவள். இந்த ஒரு வரிக்கு வாய் அடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். என்னடி பண்ணுனேன். என்ன பண்ணினாள்? ஒன்றும் பண்ணவில்லை என்று எழுதலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். கேட்க வேண்டியதுதான், கேட்கச் சொல்லிக் கொடுத்தது யார்?

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பேச்சு நடந்தபோது என்ன சந்தோஷமாக இருந்தது! அக்கா அழுதுகொண்டே போன் செய்தாள், ஸ்பீக்கரில் போடுக்கா என்று இவள்தான் சொன்னாள், மாமியார் லைனுக்கு வந்தார். இவள் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். "அத்தை, கிரகணம் வந்தப்ப அக்காவுக்கு நாலாம் மாசமுங்க. பிள்ளைக்கு மேலுதடு கூடறது ரெண்டாம் மாசத்துக் கடைசில. நீங்க சொல்ற அன்னிக்கு அந்த உதடு எப்பவோ முடிஞ்ச கதைங்க. வாசக்கால் கோணலா இருந்தா வீடு கட்டுனப்ப என்ன ஆச்சுன்னு கேக்கோணும், கிரகப்பிரவேசத்துக்கு வந்தவங்களையா புடிச்சுக் கேப்பீங்க?" அந்தப் பக்கம் மிக்ஸி எங்கேயோ ஓடி நின்றது. "அதுஞ் சரிதான் அம்மிணி," என்றார் மாமியார், "நீ படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப ரெண்டாம் மாசத்துலதான் என்னமோ ஆயிருக்குது." அந்தக் கடைசி வாக்கியம் சிந்துஜாவின் காதில் விழாமல் இல்லை. தோற்றவர்கள் வாய்க்குள் முனகுவார்கள் இல்லையா, அந்த மாதிரி விழுந்தது. ஜெயித்தாகிவிட்டது, கிரகணத்தைத் தூக்கி வெளியே போட்டாகிவிட்டது. மறுநாள் அக்கா, "ரெண்டாம் மாசம்னா எந்தத் தேதில இருந்துடி?" என்று எழுதிக் கேட்டபோதுகூட உறைக்கவில்லையே. ஸ்கேன் தாளிலிருந்த வாரக்கணக்கைப் பின்னோக்கி எண்ணி, முட்டைக்கு நாள் எண்ணுகிற அதே சுறுசுறுப்போடு, "ஜனவரி 8-ல இருந்து 22-க்குள்ள" என்று எழுதி, கீழே ஒரு சிரிக்கிற மூஞ்சியும் போட்டு அனுப்பினாள். சிரிக்கிற மூஞ்சி! ஒரு சாயங்காலத்துக் குற்றத்திலிருந்து விடுதலை வாங்கிக் கொடுத்து அதற்குப் பதிலாகப் பதினைந்து நாளைக் கொடுத்திருக்கிறாள். கிரகணமாவது இருபது நிமிடம். அரசாணிக்காய் ஒன்றே ஒன்று. பதினைந்து நாளில் ஒரு மனுஷி எத்தனை காரியம் பண்ணியிருப்பாள், எத்தனை தடவை தண்ணீர் குடித்திருப்பாள், குனிந்திருப்பாள், கோபப்பட்டிருப்பாள். காலையிலிருந்து அக்கா ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தாள்: கொசுவர்த்தி ஏத்துனேன். தையல் மிஷின் மிதிச்சேன். காங்கயம் பஸ்ல கடேசி சீட்டு, ஒரே தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. போன வயித்து மேல வெச்சுட்டுப் படம் பாத்தேன், அதுவா? அதுவா என்ற சொல் ஒவ்வொன்றின் வாலிலும்.

முதல் தண்ணீர் மாற்றியாயிற்று. நீலம் கலங்கி இறங்கியது. கண்ணாடிக் கிண்ணத்தில் பன்னிரண்டு முகங்கள், ஒவ்வொன்றும் உளுந்துப் பருப்பை விடக் கொஞ்சம் பெரிது, முகத்தில் பாதி கண். இதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வருகிற பிரியத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். முகம் ஒரே பொருளாக வருவதில்லை, வந்து கூடுகிறது. நெற்றியிலிருந்து ஒரு மொட்டு இறங்குகிறது, கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு நடுவை நோக்கி வருகின்றன, தாடைக்கு இரண்டு. அவற்றை நிரப்புகிற செல்கள் தலையின் பின்பக்கத்தில் பிறந்து, அத்தனை தூரம் நடந்து வந்தவை. வந்து தொட்டு, தொட்ட இடத்தில் தோல் கரைந்து, ஒன்றாகிறது. கோழிக்கு இப்படி, எலிக்கு இப்படி, அக்காவுக்கு இப்படி, அக்காவுக்குக் கிரகணம் சொல்லிக் கொடுத்த மாமியாருக்கும் இப்படித்தான். மீனுக்கே கிட்டத்தட்ட இப்படித்தான். மூக்குக்குக் கீழே எல்லோருக்கும் ஒரு பள்ளம் இருக்கிறதே, அது பக்கத்து மொட்டுகள் நடு மொட்டோடு வந்து கூடிய இடத்தின் சுவடு. பரிணாமம் என்றால் ஏதோ ஆகாயத்தில் உட்கார்ந்து புதுப்புது முகமாக வரைகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரைவதில்லை. இந்த நடையில்தான் கை வைக்கிறது: இங்கே கொஞ்சம் சீக்கிரம், அங்கே கொஞ்சம் தாமதம், இந்த மொட்டில் நான்கு செல் கூட. அதில் ஒருவனுக்குச் சப்பை அலகு, ஒருவனுக்குக் கூர் அலகு. வாத்தின் கருவிலிருந்து அந்த நடக்கிற செல்களை எடுத்துக் காடையின் கருவுக்குள் வைத்தார்கள். காடைக்கு வாத்து அலகு வந்தது. முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள். செல்லுக்கு ஞாபகம் இருக்கிறது, யார் வீட்டுக்குப் போனாலும் தன் வீட்டு மூஞ்சியைக் கட்டுகிறது.

கதவு திறந்தது, நஸ்ரின் அக்கா. இவளுக்கு மூன்று வருஷம் சீனியர், வாத்து முட்டைகளுக்கு அதிபதி, உக்கடத்துக்காரி. "என்னடி, கோழிக்குஞ்சுகிட்ட ஜோசியம் கேக்கறியா? முகமே சரியில்ல." ஒன்றுமில்லை என்று சொன்னால் விடுகிற ஆள் இல்லை, அதனால் சிந்துஜா பழைய சண்டையை இழுத்தாள், அதுதான் இருவருக்கும் டீ மாதிரி. நஸ்ரின் கட்சி: இயற்கைத் தேர்வுதான் எல்லாம், தகாததைச் சலித்துத் தள்ளிவிடுகிறது. இவள் கட்சி: சல்லடையை மட்டும் வைத்துக்கொண்டு புட்டு அவித்துவிடுவாயா, மாவு வேண்டாமா, மாவு வருவது இந்த முட்டைக்குள் வளர்கிற வளர்ச்சியிலிருந்து, வளர்ச்சி எதைக் கொடுக்கிறதோ அதிலிருந்துதானே உன் தேர்வு பொறுக்க முடியும், ஆறு காலோடு ஒரு கோழியைக் கேட்டுப் பார், கிடைக்குமா? "மாவு மாவுங்கறியே," என்றாள் நஸ்ரின், வாத்து முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபடி, "அரைக்கற கல்லு எங்கருந்து வந்துச்சு? அதுவும் கோடி வருஷமாச் சலிச்சு வந்த கல்லுதாண்டி." வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு மணி நேரம் பதில் இருந்தது. இன்றைக்கு, "ஆமாக்கா," என்றாள். நஸ்ரின் முட்டையை இறக்கி அவளைப் பார்த்தாள். "நீ ஆமாங்கறியா? காய்ச்சலா?" நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, போகும்போது, "மூணாவது தண்ணில உப்புக் கரைசல் ஊத்த மறந்துராத," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கல்லும் மாவும். கோடி வருஷம் சலித்து வந்த கல் அக்காவிடம் மட்டும் ஏன் பிசகியது, என்று கேட்டால்? கிண்ணத்தில் பதினோராவது கருவுக்கு இடப்பக்கம் கூடவில்லை. காலையிலேயே பார்த்துவிட்டாள், பார்க்காத மாதிரி அலசிக்கொண்டிருந்தாள். தட்டுக்கு ஒன்று அப்படி வரும். ஒரே கோழிப்பண்ணை, ஒரே பெட்டி, ஒரே சூடு, ஒரே மாதிரி திருப்பி வைத்த முட்டைகள். பதினொன்று கூடும், ஒன்று கூடாது. இந்த முட்டை எந்தக் கிரகணத்தில் எந்தக் காயை நறுக்கியது? இதை மாமியாரிடம் கேட்டிருக்கலாம், இது நல்ல கேள்வி, வியாழக்கிழமை தோன்றாமல் போயிற்று. ஆனால் இதே கேள்வி திரும்பி இவளைப் பார்த்தும் நிற்கிறது: சரி, ஏன் கூடவில்லை? இரண்டு வருஷத்தில் எழுநூறு முட்டை உடைத்தவள் சொல்ல வேண்டாமா? சொல்லத் தெரியாது. செல் புறப்பட ஒரு மணி நேரம் தாமதித்திருக்கலாம், மொட்டு ஒரு முடியளவு எட்டாமல் போயிருக்கலாம். அவ்வளவு ஓடி அவ்வளவு நேரத்துக்கு வந்து தொடுவதுதான் அதிசயமே தவிர, தொடாதது அல்ல. அந்த நடையில் கொஞ்சம் முன்பின் ஆக இடம் இல்லாவிட்டால் வாத்துமில்லை, கொக்குமில்லை, கிளியுமில்லை, ஆதிமீனிலேயே எல்லோரும் நின்றிருப்போம். வித்தியாசப்பட இடம் விட்ட அதே இடைவெளியில்தான் ஒரு உதடு கூடாமலும் போகிறது. இதை அக்காவுக்குச் சொல்லலாமா? "அக்கா, உன் பிள்ளையின் உதடு கூடாததும் கிளிக்கு மூக்கு வளைந்ததும் ஒரே தாராளத்தினால்." அழகாக இருக்கிறது. சொன்னால் போனை வைத்துவிடுவாள். எனக்குக் கிளி வேண்டாண்டி என்பாள். நியாயம்தானே. அவள் கேட்டது கோடி வருஷத்துக் கணக்கு அல்ல, பதினைந்து நாளின் கணக்கு. நோட்டில் 'கழிவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. கூடாததை அதில் ஒரு கோடாகப் போட்டுவிட்டு வாளியில் போட வேண்டும், அதுதான் இந்த அறையின் வழக்கம், முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. இதுவரை எத்தனை கோடு போட்டிருப்பாள்? ஒரு கோட்டுக்காவது கை நின்றதுண்டா? டாக்டர் நல்லபடியாகத்தான் சொன்னார்: மற்ற எல்லாம் நன்றாக இருக்கிறது, பிறந்து மூன்று மாதத்தில் தைத்துவிடலாம், பால் குடிக்க ஒரு தனி பாட்டில், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதை அக்கா இவளிடம் சொல்லும்போது அவ்வளவுதானாம் என்று சொன்னாள்.

மூன்றாவது தண்ணீர். மூன்று முப்பத்தைந்து. பொய் சொல்லிவிடலாமா என்ற நினைப்பு வந்தது. தேதி தப்பாகச் சொல்லிவிட்டேன், எல்லாம் முதல் வாரத்திலேயே, நீ கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே, விந்தும் முட்டையும் சேரும்போதே எழுதியாகிவிட்டது என்று. அப்போது அக்கா புருஷன், மாமாவும் பங்குக்கு வருவார், பாரம் இரண்டாகப் பிரியும். ச்சீ. கிரகணத்தை விரட்டியவள் அதன் இடத்தில் தானே ஒரு கிரகணம் செய்து வைப்பதா? பொய்யும் முடியாது, தெரியாது என்பதும் போதாது. ஒன்றும் பண்ணவில்லை என்பதற்கு ஒரு ஆதாரம் வேண்டும் அவளுக்கு, அந்த நாட்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும், இதோ பார், இதில் ஒன்றுமில்லை, இதில் ஒன்றுமில்லை. யார் காட்டுவது? கையுறையைக் கழற்றினாள். சுவரில் பண்ணைக்காரர்கள் கொடுத்த மாதக் காலண்டர், முட்டை வைத்த தேதிகளைச் சுற்றிச் சுற்றி வட்டம். பின்னால் மடித்துப் போட்டிருந்த தாள்களை ஒவ்வொன்றாக முன்னால் திருப்பினாள்: மார்ச், கிரகணத்தைத் தாண்டி, பிப்ரவரி. ஜனவரி. எட்டு. இருபத்திரண்டு. நடுவில் சிவப்பாகப் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். பன்னிரண்டிலிருந்து இருபது வரை ஒரு நீளக் கோடு, மேலே நஸ்ரின் அக்காவின் கோணல் எழுத்து: 'சிந்து லீவு. ஒன்பது நாளும் முட்டை திருப்புவது நான். சாபம் விடுகிறேன்.'

ஒன்பது நாள். அம்மா போன பிறகு பண்டிகைக்குப் போகிற வீடு அக்கா வீடுதானே, தாராபுரம்தானே. மாமா பனியன் சரக்கோடு லூதியானாவில் இருந்தார், பொங்கலுக்கு வரவில்லை. ஒரே கட்டிலில் அக்காவும் தங்கையும். தேதியாக எண்ணும்போது தேதியாகத்தான் தெரிந்தன, நாளாகத் தெரியவில்லை. எழுநூறு முட்டையில் அந்த நேரத்துக்காகக் கண் கொட்டாமல் காத்திருந்தவள், அது நடந்துகொண்டிருந்த இடத்துக்கு ஒரு முழ தூரத்தில், வாயைத் திறந்து தூங்கியிருக்கிறாள். அக்காவின் புடவைக்குள், தோலுக்குள், அந்த இருட்டில், ஒரு உளுந்துப் பருப்பு முகம் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்திருக்கிறது, வலது தொட்டது, இடது வந்துகொண்டே இருந்தது. ஒரு கணம் பயம் குளிராக ஏறியது: நான் இருந்தேனே, நான் ஏதாவது பண்ணினேனா, என் கை, என் துணி, முட்டை ரூமிலிருந்து எதையாவது ஒட்டிக்கொண்டு போனேனா, அதுவா? அந்தச் சொல் இவள் வாயிலும் வந்துவிட்டது. அப்படியே நின்றாள். ஓ, இதுதானா இது. இப்படித்தான் அக்கா நேற்றிலிருந்து ஒவ்வொரு பொருளையும் எடுத்து எடுத்துப் பார்க்கிறாளா. உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாத இந்த அறைக்குள் அவளைத் தள்ளிக் கதவைச் சாத்தி, வெளியே சிரிக்கிற மூஞ்சியை ஒட்டிவிட்டு வந்திருக்கிறாள். ஆனால் இருந்தாள். அங்கே இருந்தாள். அது வேறு யாருக்கும் இல்லாத ஒன்று. மாமியாருக்கு அந்த ஒன்பது நாளும் கரும்பும் மாடும் விருந்தாளிகளும். மாமா ஊரிலேயே இல்லை. பார்த்தவள் இவள் ஒருத்திதான். அப்போதே போன் அடித்தது, நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது, அத்தை சீக்கிரமே கிளம்பிவிட்டார் போலிருக்கிறது, நான்காவது தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை.

"படிச்சிட்டு பேசாம இருக்கற," என்றாள் கோகிலா. அழுகை இல்லை. அழுது முடித்த குரல்.

"கையில கிளவுசு இருந்துச்சுக்கா."

"உனக்கா வார்த்த வரல? வியாழக்கெழம அந்தப் பேச்சு பேசுன."

"அன்னிக்குப் பேசுனது தப்புக்கா. கிரகணம் பொய்யிங்கறது நெசம். ஆனா தேதியத் தூக்கி உன்ற கையில குடுத்தது தப்பு."

"நீ குடுக்கலீனா நானே தேடியிருப்பேன். சொல்லு. எதுனாலன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"இத்தன முட்டைய ஒடச்சும்?"

"இத்தன முட்டைய ஒடச்சும் தெரியாதுக்கா. எங்க புரொபசருக்கும் தெரியாது. தட்டுக்கு ஒண்ணு இப்படி வருது, எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் பாத்துக்கறோம்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளோ என்று சந்தேகமாக இருந்தது. "அப்பறம் என்னத்துக்குடி சம்பளம் குடுக்கறாங்க உனக்கு?" பிறகு குரல் இறங்கியது. "நான் என்னமோ பண்ணியிருக்கேன் சிந்து. எனக்கு ஞாபகம் வர மாட்டேங்குது. அதான் பயமா இருக்குது. ஞாபகம் வராததுலதான் இருக்குது."

"எனக்கு ஞாபகம் இருக்குது," என்றாள் சிந்துஜா.

"உனக்கா?"

"நான் அங்கதான இருந்தேன். பன்னெண்டாந் தேதில இருந்து இருவது வரைக்கும். கேளு. வந்த அன்னிக்கு நீ ரெண்டு தடவ வாந்தி எடுத்த, மூணாவதுக்கு ஓடிட்டு, ஒண்ணும் வரலன்னு சிரிச்சுட்டே வந்த. பொங்கலன்னிக்கு வெல்ல வாசம் ஆகாம என்ற துப்பட்டாவ மூக்கச் சுத்திக் கட்டிட்டுத்தான் பொங்க வெச்ச, கொள்ளக்காரி மாதிரி. மாட்டுப் பொங்கலன்னிக்குப் பூராந் தூங்குன. மக்கா நாளு, காணும் பொங்கலன்னிக்கு, எனக்குத் தல பின்னறேன்னு உக்காந்து பாதிச் சடையிலயே தூங்கிட்ட, நீ எந்திரிக்கக் கூடாதுன்னு ஒரு மணி நேரம் ஆடாம உக்காந்திருந்தேன். அதுக்கப்பறம் மோர் குடிச்ச, ஊறுகா தின்ன, திரும்பத் தூங்குன. முழிச்சிருந்த நேரமெல்லாம் பால் நோட்டுப் பின்னாடி பேர் எழுதுன. எழுவது பேர். ஒவ்வொண்ணா வாய்விட்டுக் கூப்புட்டுப் பாத்து, இது நல்லால்ல, இது நல்லால்லன்னு அடிச்ச. அவ்வளவுதான்க்கா நீ பண்ணுனது. நான் பாத்துட்டே இருந்தேன்."

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ கேட் கிரீச்சிட்டது, வெறும் பால் கேனைத் தரையில் வைக்கிற ஓசை, செருப்புச் சத்தம். மாமியாரின் குரல் நெருங்கி வந்தது: "ஆரு கண்ணு போன்ல, சின்ன அம்மிணியா? கேட்டியா, ரெண்டாம் மாசத்துல என்ன ஆச்சாம்?"

சிந்துஜா வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொன்னாள்:

"ஒண்ணும் ஆகலீங்கத்தை. தூங்குனேன், வாந்தி எடுத்தேன், பிள்ளைக்குப் பேரு பாத்துட்டு இருந்தேன்."